மேல் விரற்கடை

“சித்தி, செடிக்குப் பிடிக்காததை ஊத்தினா அது எப்படித் துப்பும்?”

அக்கா மகள் ஆறு வயதில், சோதனைக்கூடத்துக்கு வந்திருந்த ஒரு நாள் கேட்டது. “துப்பாதுடி கண்ணு, முழுங்கிடும்” என்று சொல்லிச் சிரித்தாள் அவள். குழந்தை விடவில்லை. “முழுங்கி எங்க வச்சுக்கும்?” அதற்குப் பதில் தெரியாமல் ஒரு மிட்டாயைக் கொடுத்து அதன் வாயை அடைத்தாள். அந்தப் பெண் இப்போது வேறு நாட்டில் இருக்கிறாள். வருடத்துக்கு இரண்டு முறை போன் வரும். கேள்வி மட்டும் இன்று மத்தியானம், வல்லாரை இலையைக் கல்லுரலில் நசுக்கிக்கொண்டிருந்தபோது, அழைக்காமலே வந்து பக்கத்தில் நின்றது.

வாசனை சரியில்லை.

வல்லாரையின் மணம் அவளுக்குப் பத்தொன்பது வருடப் பழக்கம். ஈர மண், நறுக்கிய புல், கடைசியில் லேசான கசப்பு. மோந்து பார்த்தே எந்தக் கரையில் பறித்தது என்று சொல்லிவிடுவாள்; அதனாலேயே மருந்துக் கம்பெனியில் அவளுக்கு ‘மூக்கு மேடம்’ என்று பெயர். இன்றைய இலையில் அந்த மணமெல்லாம் இருந்தது. அதற்கு அடியில், வண்டி பழுதுபார்க்கும் கொட்டகையின் தரையில் படிந்திருக்கும் நாற்றமும் இருந்தது.

கிடங்குக்காரரிடம் போனாள். “அண்ணே, இந்தக் கூடையை யாரு கொண்டுவந்தா?”

“இலைக்காரம்மாதான். வேற யாரு?”

“நீங்க பாத்தீங்களா?”

“பாக்கல. நாலு நாளா கூடை மட்டும் கேட்டுல இருக்கு, ஆளக் காணோம். உங்க மூக்குக்குப் பயந்து ஓடுதோ என்னவோ.” அவர் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். “ஆனா இலையப் பாருங்க மேடம், கொழுகொழுன்னு! சதுப்புல எண்ணெய்க் குழாய் உடஞ்சிருச்சுன்னு ஊரே தலையில கைய வச்சுது. செடிக்கு அதுதான் டானிக் போல.”

நாணய அளவுக்கு மேல் வளராத இலை, அவர் உள்ளங்கையை மூடிக்கொண்டிருந்தது.

சோதனைக்கூடத்தின் மூலையில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன இருட்டறை உண்டு. இலைச் சாற்றை வெண்பொடி பூசிய கண்ணாடித் தகட்டின் அடியில் புள்ளி வைத்து, திரவத்தில் நிறுத்தினால், சாற்றில் உள்ளவை ஒவ்வொன்றும் தன் தன் உயரத்துக்கு ஏறி நிற்கும். பிறகு இருட்டில் ஊதா விளக்கைக் காட்டினால் கோடுகள் தெரியும். மருந்துச் சத்துக்கான கோடு எங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்கு மனப்பாடம். இன்று அது விரல் தடிமனில் நின்றது. இத்தனை வருடத்தில் அவள் பார்த்திராத கோடு.

வேறு யாராவது என்றால் துள்ளிக் குதித்திருப்பார்கள். அவள் விளக்கை இன்னும் கிட்டே பிடித்தாள். செடி நமக்காக மருந்து செய்வதில்லை. புழு கடித்தால், வேர் நொந்தால், தன்னைக் காத்துக்கொள்ளக் கசப்பைச் சுரக்கிறது. அந்த வேதனையைத்தான் நாம் பாட்டிலில் அடைத்துக் குழந்தைகளுக்கு ஊட்டுகிறோம். இவ்வளவு தடித்த கோடு என்றால், சதுப்பு முழுவதும் வாயில்லாமல் அலறிக்கொண்டிருக்கிறது.

தகட்டின் மேல் ஓரத்தில் ஒரு விரற்கடை அகலத்தை யாரும் படிப்பதில்லை. வேண்டாத அழுக்கெல்லாம் திரவத்தோடு ஏறி அங்கே போய் ஒதுங்கும். படம் எடுத்ததும் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் கோப்பில் ஒட்டுவார்கள். கோடு இருக்கிறதா என்று மட்டும்தான் படிவம் கேட்கும். வேறு என்ன இருக்கிறது என்று கேட்காது. மூன்று வாரம் முன்பு, குழாய் உடைந்த மறுநாள், அந்த விரற்கடையில், ஊதா வெளிச்சத்தில் எண்ணெய் ஒளிரும் அதே நீலத்தில், நூல் ஒன்றை அவள் பார்த்தாள். இலையைத் திருப்பி அனுப்பினால் இலைக்காரி வீட்டில் அடுப்பு எரியாது. வெட்டிவிட்டாள். அதை இரக்கம் என்றே நினைத்தாள்.

இன்று அங்கே நீலம் பட்டையாக இருந்தது.

செருப்புப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்த பழைய தகடுகளை எடுத்து, தேதி வாரியாக மேஜையில் பரப்பி, விளக்கை நகர்த்திக்கொண்டே போனாள். பட்டை கயிறானது. கயிறு நூலானது. குழாய் உடைந்த நாளைத் தாண்டியும் நூல் அறுபடவில்லை. போன மாதம். அதற்கு முந்தின மாதம். ஏழு மாதம் பின்னால் போய்த்தான் மறைந்தது. உடைவதற்கு வெகுநாள் முன்பே குழாய் சத்தமில்லாமல் கசிந்திருக்கிறது. அவளும் சத்தமில்லாமல் வெட்டியிருக்கிறாள்.

விளக்கைக் கீழே வைக்கும்போது தன் விரல்களைப் பார்த்தாள். நகத்தின் அடியில் நீலம். சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மறுபடி விளக்கைக் காட்டினாள். போகவில்லை.

உற்பத்தி மேலாளர் போனில் கத்தினார். “கோடு பிரமாதம்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் எதுக்கு நிறுத்தறீங்க?”

“மேல இருக்கறதை இன்னைக்குத்தான் ஒழுங்கா பாத்தேன் சார்.”

“மேல இருக்கறதை யாரும்மா உங்களைப் பாக்கச் சொன்னா?”

“குழந்தைங்க குடிக்கிறது சார். இந்த ஏழு மாசச் சரக்கும் திரும்பி வரணும். எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு.”

சாற்றுப் பீப்பாய்களுக்குச் சிவப்பு முத்திரை வைத்துப் பூட்டினாள். மனசு கொஞ்சம் லேசானது. ஆனால் நாலு நாள். நாலு நாளாக இலைக்காரியைக் காணோம் என்றாரே கிடங்குக்காரர். அந்த இலையைத் தினமும் கையால் கிள்ளி, மதியம் அதையே மென்று, அந்தத் தண்ணீரில் இடுப்பளவு நிற்பவள். காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு பாட்டிலும், பேட்டரியில் எரியும் சின்ன ஊதா விளக்கும் பையில் போட்டுக்கொண்டு அவள் கிளம்பினாள்.

பொழுது சாயும் நேரம். சதுப்போரப் பாதையில் அவளைத் தவிர யாரும் இல்லை. இந்த வேளையில் தவளைச் சத்தம் காதைக் கிழிக்க வேண்டும், கொசு முகத்தில் மொய்க்க வேண்டும், நாணலுக்குள் ஏதாவது ஒரு பறவை சிறகடிக்க வேண்டும். ஒன்றும் இல்லை, அவள் செருப்பு சேற்றிலிருந்து பிரியும் ஒலி மட்டும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதமாக, பின்னால் வேறு யாரோ நடப்பதுபோல் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். வானவில் நிறத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. இரு கரையிலும் வல்லாரை. அகலமான, பளபளப்பான, கறுத்த இலைகள். காற்றே இல்லை. இலைகள் அவள் போகும் பக்கம் சாய்ந்திருந்தன.

வரும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தனவே.

கடவுளே என்று முணுமுணுத்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள்.

இலைக்காரி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, தாழ் இல்லை. வாசற்படியைக் கொடி மூடியிருந்தது. கதவிடுக்கில் உள்ளே போயிருந்தது.

“அக்கா?”

“வா கண்ணு.” உள்ளிருந்து, தரையோடு தரையாக ஒரு குரல். “மெல்ல வா. வழுக்கும்.”

ஒற்றை அறை. மண் தரை. பாயில் இலைக்காரி மல்லாந்து கிடந்தாள். கழுத்துவரை போர்வை, கைகள் மட்டும் வெளியே.

“உடம்புக்கு என்னக்கா? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா?”

“யாருகிட்ட சொல்லி அனுப்ப? காக்காகூட இந்தப் பக்கம் வரதில்ல.” சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு இருமலானது.

“தினமும் கூடை வருதே. யாரு பறிக்கிறா?”

இலைக்காரி தலையை மட்டும் அவள் பக்கம் திருப்பினாள்.

“நான் எந்திரிச்சே நாலு நாளாச்சே கண்ணு.”

அவள் விளக்கை எடுத்தாள். எடுத்திருக்கக் கூடாது. இருட்டில் முதலில் உதடுகள் தெரிந்தன. நீலம். பிறகு கழுத்து. பிறகு கை. தோலுக்கடியில் நரம்பெல்லாம் நீலமாகக் கிளைவிட்டு, கிளை மறுபடி கிளைவிட்டு, இலையின் பின்புறம்போல.

விளக்கை அணைத்தாள்.

நீலம் அணையவில்லை.

ஓடு என்றது உடம்பு. கால்கள் வாசல் பக்கம் திரும்பியும் விட்டன.

“காலு சில்லுனு இருக்கு கண்ணு,” என்றாள் இலைக்காரி. “தூக்கமே வரல.”

கால்கள் நின்றன.

இரண்டு வருடம் முன்பு ஆபரேஷன் முடிந்து வாடகை அறையில் தனியாகக் கிடந்தபோது, உறவுக்காரர்கள் போனில் விசாரித்தார்கள். இலைக்காரிதான் நேரில் வந்தாள். ஒன்பது நாள், இலையை இறக்கிய கையோடு வந்து, வெந்நீர் வைத்து, அவள் பாதங்களைத் தன் மடியில் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் போனாள். ஏனக்கா இதெல்லாம் என்று கேட்டதற்கு, “சும்மா கெட, கால் சூடா இருந்தா தூக்கம் வரும்” என்றாள். அவ்வளவுதான். அதைப் பிறகு யாரிடமும் சொன்னதும் இல்லை.

அவள் அடுப்பை மூட்டினாள். கொண்டுவந்த சுத்தமான தண்ணீரில் ஒரு பாட்டிலைச் சூடாக்கினாள். மற்றதை மடக்கு மடக்காகப் புகட்டினாள். தன் துப்பட்டாவின் ஓரத்தைக் கிழித்து நனைத்துக்கொண்டு, பாயின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வையை விலக்கினாள்.

பாதங்கள் தாரில் தோய்த்ததுபோல் கறுத்திருந்தன. துடைத்தாள். கறுப்பு வந்தது. இன்னும் துடைத்தாள். குதிகாலுக்கடியில் கை போனபோது எதுவோ தடுத்தது. மயிரிழை வேர்கள். வெள்ளை வெளேரென்று. குதிகாலிலிருந்து பாயைத் துளைத்துத் தரைக்குள்.

மெல்ல இழுத்துப் பார்த்தாள்.

கீழேயிருந்து இழுத்தது.

கூவ வாய் திறந்தாள். இலைக்காரியின் கண்கள் அப்போதுதான் செருகத் தொடங்கியிருந்தன. “ஆ… நல்லா இருக்கு,” என்றாள், தூக்கத்தில் பேசும் குழந்தையாக. நாலு நாளுக்குப் பிறகு வரும் தூக்கம். அவள் வாயை மூடிக்கொண்டாள். துணியைப் பிழிந்து, வேர்களுக்கு இடையில், ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

சூடு போதுமா என்று கேட்கவில்லை. மூச்சு சீராக வந்தது. பிறகு மெலிந்தது. பிறகு இல்லை.

அவள் போர்வையை இழுத்து மூடினாள். கண்ணை மூடிக் கைகூப்பினாள். திறந்தபோது அறையின் மண் தரை சுவரோரம் வரை வெடித்திருந்தது.

ஒவ்வொரு வெடிப்பிலும் ஒரு பாதம். பெரியவை. மருந்து குடிக்கும் வயதுக் குழந்தைகளுடையதுபோல் சின்னவை. உள்ளங்கால் மேலே தெரிய, கறுத்து, ஈரமாக.

சட்டியில் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. பாதங்கள் அசையாமல், பொறுமையாக, அவள் பக்கம் நீண்டிருந்தன.