பச்சைப் பொட்டலம் பார்க்காத கொலை

டெலிபோன் அலறியது.

"சார்... கொன்னுட்டாங்க!"

இன்ஸ்பெக்டர் ஃபூ வாயிலிருந்த முட்டைச் சுருளை அவசரமாக விழுங்கினார்.

"யாரை?"

"எங்க சர்வரை."

வேறு யாராவது என்றால் ரிசீவரை வைத்திருப்பார். பேசியது ஜியென் அம்மாள். தைவானின் சாங்ஹுவாவில் பாதி வீட்டுக் குழாய்கள் அவள் தொழிற்சாலையில் செய்தவை. போனை வைத்தால் மேலதிகாரி இவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார்.

புறப்பட்டார்.

ஆபீசுக்குப் பின்னால் சின்ன அறை. இரும்பு ஸ்டாண்டில் கறுப்புக் கம்ப்யூட்டர் பெட்டி. அதுதான் சர்வர். அதன் காற்றுத் துளைகளிலிருந்து பிசுபிசுவென்று பால் டீ சொட்டியது. கூடவே கறுப்பு ஜவ்வரிசி உருண்டைகள்.

"நேத்து மீட்டிங்ல எல்லாரும் குடிச்ச டீ சார்..." என்றான் யென். அந்தப் பெட்டியை வருடக்கணக்காகக் கட்டிக் காத்தவன். கண்கள் சிவந்திருந்தன.

ஜியென் அம்மாள் விவரம் சொன்னாள். ஆர்டர், சரக்கு, சம்பளம் எல்லாம் இந்த ஒரு பெட்டிக்குள். தைபேயிலிருந்து வந்த விற்பனையாளர் ஜுவோ, பெட்டியே வேண்டாம், கிளவுடில் போடுங்கள், எங்கள் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்கிறார். யெனோ நம் சரக்கு நம் கூரைக்கடியில்தான் இருக்க வேண்டும் என்கிறான். முடிவு இன்று. கிளவுட் என்றால் யெனுக்கு வேலை இல்லை.

"இப்ப பெட்டியே செத்துடுச்சு. கையெழுத்துப் போடறதைத் தவிர வேற வழி?"

பக்கத்தில் நின்ற ஜுவோ சோகமாகத் தலையாட்டினார். கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினார்.

ஃபூவின் பார்வை ஜன்னல் விளிம்பில் நின்றது.

பச்சை நிற சோளப்பொரிப் பொட்டலம்! ஒரு சொட்டு டீ படாமல், நிமிர்ந்து...

"இது எங்க இருந்துச்சு?"

"சர்வர் தலைமேல சார். எப்பவும்."

ஃபூ ஆச்சரியப்படவில்லை. சமர்த்தாக ஓடு என்று மிஷினுக்குச் சொல்லும் பொட்டலம் அது; தைவான் முழுக்க உள்ள நம்பிக்கை. பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சளை வைத்தால் மிஷின் படுத்துவிடும். போலீஸ் ஸ்டேஷன் கம்ப்யூட்டர் மேலேயே ஒரு பச்சை உண்டு.

"பொட்டலத்தைப் பத்திரமா எடுத்து வச்சிட்டுத்தான் டீயை ஊத்தியிருக்கான். இதை நம்பறவன் செஞ்ச வேலை."

எல்லாரும் யெனைப் பார்த்தார்கள்.

"நேத்தே சிரிச்சேனே மேடம்," என்றார் ஜுவோ. "பொரி பாக்கெட்டுக்கு ஊதுபத்தி கொளுத்தாத குறைதான் இவருக்கு."

"என் சோத்துல நானே மண்ணைப் போட்டுக்குவேனா சார்?" யெனின் குரல் உடைந்தது. ஃபூவுக்குப் பாவமாக இருந்தது.

எதிர்க்கடைக்குப் போய்த் திரும்பினார். ஒப்பந்தத்தைக் காட்ட ஜுவோ லேப்டாப்பைத் திறந்திருந்தார். ஃபூ அதன்மேல் மெதுவாக எதையோ வைத்தார்.

மஞ்சள் பொட்டலம்.

"ஐயோ, எடுங்க சார்!" ஜுவோ பாய்ந்து அதை மூலையில் வீசினார்.

இப்போது எல்லாரும் ஜுவோவைப் பார்த்தார்கள்.

"நீங்கதான் நம்பாதவராச்சே..." ஃபூ புன்னகைத்தார். "பச்சைப் பொட்டலத்துல யார் கைரேகைன்னு பார்த்துடலாமா?"

ஜுவோ நாற்காலியில் சரிந்தார்.

"இந்த ஆர்டரும் போனா எனக்கு வேலை போயிடும் சார். அந்தப் பொட்டலம் பார்த்துட்டு இருக்கறப்ப ஊத்த மனசு வரல."

"உங்க கிளவுட்லயும் இந்தப் பொட்டலம் உண்டா?" என்றாள் ஜியென் அம்மாள்.

"அதுவும் ஒரு ஹால் நிறைய பெட்டிதான் மேடம். ஒவ்வொண்ணு மேலயும் ஒரு பச்சை."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "யார் செஞ்சா என்ன, என் விவரமெல்லாம் போச்சே..."

யென் தொண்டையைச் செருமினான். "போகலைம்மா. தினமும் எல்லா விவரத்துக்கும் ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கேன்."

"எங்க?"

யென் தரையைப் பார்த்தான்.

"கிளவுட்ல."

ஜியென் அம்மாள் இருவரையும் மாறி மாறி முறைத்தாள். பிறகு சிரிப்பு பீறிட்டது. புதுப் பெட்டி வாங்கச் சொன்னாள். கிளவுட் காப்பியும் இருக்கட்டும், காவலுக்கு நீயும் இரு என்று யெனிடம் சொன்னாள். யென் அழுதேவிட்டான்.

ஃபூ ஜுவோவுக்கு விலங்கு மாட்டிப் பின்சீட்டில் ஏற்றினார். சாட்சியான மஞ்சள் பொட்டலத்தை முன்கண்ணாடிக்குக் கீழே வைத்து, சாவியைத் திருகினார்.

வண்டி இருமியது. படுத்துவிட்டது.

பின்சீட்டிலிருந்து பெருமூச்சு கேட்டது.

"தள்ளணும்னா... முதல்ல விலங்கை அவுத்து விடுங்க சார்!"