வடக்கிலிருந்து வந்த அலை

விரிகுடாவில் கிடந்த, அலை அளக்கும் மிதவை, அலை வடக்கிலிருந்து வருவதாகச் சொன்னது.

ஒடீல் டார்டார் அதைத் திரையில் பார்த்துச் சிரித்துவிட்டாள். லூசியானாவின் தென்கோடிக் கரையில் அலை வடக்கிலிருந்து வராது. வடக்கே இருப்பது ஊர், ஊருக்குப் பின்னால் ஒரு ஏரி, அதற்கும் பின்னால் சதுப்பு, பிறகு கரும்புக்காடு. காற்று பலமாக அடித்தால் அந்தப் பக்கமிருந்து சின்னச் சின்னதாய்ச் சிலுசிலுப்பு வரும். இன்றைக்கோ காற்றே இல்லை. காலையிலிருந்து மூடுபனி ஜன்னல் கண்ணாடியில் ஈரத்துணி போல ஒட்டிக்கொண்டு கிடந்தது. மிதவை காட்டியதும் சின்ன அலை இல்லை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நீண்ட மூச்சு விடலாம், அவ்வளவு நிதானமான அலை. அப்படிப்பட்ட அலை வளர ஆயிரக்கணக்கான மைல் திறந்த கடல் வேண்டும்.

அலைகளையும் கடலேற்றத்தையும் முன்கூட்டிச் சொல்வதுதான் அவள் வேலை. அந்தத் தொழிலில் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. அலையை எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும். நீரோட்டத்தை எங்கே போகிறது என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மிதவையைப் பழுது பார்க்கிறவர்கள் இதில் குழம்பித் திசையைத் தலைகீழாய் வைத்துவிட்டுப் போவது வருஷத்துக்கு ஒருமுறையாவது நடக்கும். போன வருஷம் அப்படி நடந்தபோது ஒடீல் பதறிப்போய் மேலிடம் வரை தொலைபேசியைத் தூக்கினாள். மறுநாள் அவள் மேசையில் ஒரு கேக் இருந்தது. கேக்கின் மேல் சர்க்கரையில் ஓர் அம்புக்குறி, அவளையே பார்த்தபடி.

"மறுபடியும் தலைகீழா?" என்றான் பக்கத்து மேசைக் கர்ட்டிஸ், மேல்கோட்டை மாட்டிக்கொண்டே. "இந்தத் தடவை என்ன கேக் வேணும்? பீக்கான் கொட்டை போட்டதா?"

"போய்த் தொலை. உங்கப்பா கல்லறைக்கு வெள்ளையடிக்கணும்னு காலையிலேர்ந்து புலம்புனியே."

"போறேன் தாயே. திசையைத் திருப்பிப் போடு, வெள்ளக்கதவை மூடச் சொல்லு, நீயும் கிளம்பு. எல்லாரும் கல்லறைக்குப் போற சகல புனிதர் நாளும் அதுவுமா எவன் ஆபீஸ்ல உக்காருவான்?"

அவன் போனதும் கட்டடத்தில் கணினி விசிறிகளின் முனகல் மட்டும் மிச்சமிருந்தது. ஒடீல் திசையைத் திருப்பிப் போட்டாள். வடக்கு தெற்காயிற்று. இப்போது எல்லாம் பொருந்தியது: எங்கோ தூரத்துக் கடலில் பிறந்த நெடிய அலை, கரையை நோக்கி வருகிறது, ஓதமும் ஏறும் நேரம். ஊரைச் சுற்றி வெள்ளத்தைத் தடுக்கும் மண்மேடான வெள்ளக்கரை பழசு. இப்படி வந்தால், ஏரியிலிருந்து ஊர் வழியாக விரிகுடாவுக்குப் போகும் ஓடையின் முகத்தில் இருக்கும் வெள்ளக்கதவை மூட வேண்டும் என்பது விதி. அந்தக் கதவைக் காக்கிறவன் அவள் தம்பி ரெமி.

"இன்னிக்கா?" என்றான் ரெமி தொலைபேசியில். "படகெல்லாம் உள்ள வந்தாச்சு. ஊரே கல்லறைத் தோட்டத்துல கிடக்கு. வெளியில கடல் என்னமோ லேசா ஆடுது, அவ்ளோதான். மூடித்தான் ஆகணுமா ஒடீல்?"

"மூடு ரெமி. பின்னால பெருசா வரலாம்."

"விஞ்ஞானி சொன்னா அப்பீல் ஏது? ஆனா ஒண்ணு. உக்கார வச்சுட்டா நாளைக்கு வரைக்கும் எழுப்ப முடியாது. அப்புறம் எங்கிட்ட வந்து கத்தக்கூடாது."

கதவு என்பது பேருக்குத்தான். அது ஒரு பெரிய இரும்புத் தெப்பம். ஓடைக்குக் குறுக்கே திருப்பி, வயிற்றில் தண்ணீர் நிரப்பி, அடித்தரையில் உட்கார வைத்துவிடுவார்கள். திரும்ப மிதக்க விட வேண்டுமென்றால் அத்தனை தண்ணீரையும் இறைத்தாக வேண்டும். சின்ன வேலை இல்லை.

ரெமி மூடினான். ஒடீல் காப்பி ஊற்றிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள், வீட்டுக்குப் போகிற நினைப்பில் பையைக்கூட எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், கடைசியாக ஒருமுறை மிதவையைப் பார்த்தாள்.

மிதவை அசையவில்லை.

திரையில் அதன் கோடு படுத்துவிட்டது. கதவு தரையில் உட்கார்ந்த நேரத்திலிருந்து, கதவுக்கு வெளியே, விரிகுடாவில் அலையே இல்லை.

அவள் காப்பியைக் கீழே வைத்தாள். கடலிலிருந்து வருகிற அலை, கரையில் ஒரு கதவை மூடினால் நின்றுவிடுமா? முகத்தில் வந்து விழுகிற மழை, முதுகுப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினால் நிற்குமா? கதவு மூடியதும் வெளியே அடங்கிப்போகிற அலை ஒன்றுதான். உள்ளேயிருந்து வெளியே போய்க்கொண்டிருந்த அலை.

மிதவை தலைகீழாகச் சொல்லவில்லை. அவள்தான் தலைகீழாக்கினாள்.

ஊருக்குப் பின்னால் ஏரியில் வேறொரு கருவி இருந்தது. வேறு ஆட்கள் செய்தது, வேறு ஆட்கள் பொருத்தியது. அதன் பதிவைத் திறந்து பார்த்தாள். வடக்கிலிருந்து. அதே நெடிய மூச்சு. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் உயரம். இரண்டு அலைகளுக்கு நடுவே தண்ணீர் இறங்கவேயில்லை.

கணக்கு போடும் நிரலில் அதை உள்ளிட்டாள். நிரல் ஏற்க மறுத்தது. நிரலைப் பொறுத்தவரை நிலத்துக்கு ஒரே வேலைதான். அலை வந்து மோதினால் நிறுத்துவது. நிலத்திலிருந்து அலை புறப்படும் என்று அதை எழுதியவர்கள் யாரும் நினைத்ததில்லை. இத்தனை வருஷம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது. ஒருமுறைகூட முதுகைத் திருப்பிப் பார்த்ததில்லை.

அவசர உதவி அலுவலகத்தில் ஒரு பெண் எடுத்தாள். ஊரைக் காலி செய்யச் சொல்லுங்கள் என்றாள் ஒடீல்.

"எந்தப் பக்கமா போகச் சொல்றது மேடம்?"

ஒடீல் வரைபடத்தைப் பார்த்தாள். ஊருக்கு ஒரே ஒரு சாலை. அது வடக்கே போகிறது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"படகு," என்றாள். "படகுல ஏறி..." அப்படியே நிறுத்திக்கொண்டாள். படகுகள் எல்லாம் கதவுக்கு உள்ளே. கடலுக்குப் போகும் வழியை அவள்தான் அடைக்கச் சொன்னாள். அந்தப் பெண் யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது, பிறகு இணைப்பு போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தாள். யாரும் எடுக்கவில்லை.

ரெமியே கூப்பிட்டான்.

"ஒடீல், இங்க ஏதோ சரியில்ல." குரலில் கேலி இல்லை. "உள்பக்கம் தண்ணி ஏறுது. சத்தமே இல்லாம ஏறுது. என் வண்டி முங்கிப்போச்சு. வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி கிடக்கு."

"திற ரெமி. கதவைத் திற."

"பம்பு போட்டுட்டேன். ஓடுது. தெப்பம் எழுந்திரிக்க மாட்டேங்குது. நான்தான் சொன்னேனே..."

"கதவுக் கோபுரத்து மேல ஏறு."

"மேலதான் இருக்கேன். ஒரு நாத்தம் அடிக்குது. உப்பு நாத்தம் இல்ல. ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்தா வருமே, அது." என்றான். "ஊர்ச் சத்தம் எதுவும் கேக்கல. நாய்கூடக் குரைக்கல. கல்லறைத் தோட்டத்துல பாதிரியார் ஒலிபெருக்கியில படிச்சிட்டிருந்தாரு. பாதியில நின்னுபோச்சு."

வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. கதவுக் கோபுரத்துக்கு எதிரே வெள்ளக்கரையில் ஒரு கேமரா உண்டு. ஒடீல் அதைத் திரையில் பெரிதாக்கினாள். சாம்பல் நிறப் பனி. தெப்பத்தின் கறுத்த முதுகு. கோபுரத்து மாடத்தில் மஞ்சள் சட்டையில் ரெமி, காதில் தொலைபேசி. அவனுக்குப் பின்னால் பனி வேறு மாதிரி இருந்தது. கெட்டியாக. வழவழப்பாக.

அது பனி இல்லை.

"ரெமி, பின்னால திரும்பாதே."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வேறு சொல்ல ஒன்றும் இல்லை. செய்ய ஒன்றும் இல்லை. அவள் இருக்கும் இடத்திலிருந்து அந்த ஊருக்கு ஒரு மணி நேரப் பயணம். அவள் கையில் இருந்தது ஒரு தொலைபேசி.

ரெமி திரும்பினான்.

அவன் கத்தவில்லை. "ஓ," என்றான், தெரிந்தவரைத் தெருவில் பார்த்தது போல. பிறகு தண்ணீர் மாடத்தை நெருங்கியது. விழவில்லை. மோதவில்லை. நெருங்கியது. மஞ்சள் சட்டை அதற்குள் போயிற்று. ஒரு துளி தெறிக்கவில்லை.

"ரெமி!"

இணைப்பு இருந்தது.

ஏரிக் கருவியின் கோடு ஏறுவதை நிறுத்தியது. இறங்கவும் இல்லை. அலை என்றால் உடைய வேண்டும். உடைந்து சரிய வேண்டும். அவள் படித்த ஒவ்வொரு பாடமும் அதைத்தான் சொன்னது. இது நின்றது. தெப்பத்தின் மேல், கோபுரத்தின் மேல், எந்தப் பிடிமானமும் இல்லாமல், செங்குத்தாக நின்றது.

பனி மெல்ல விலகியது. கேமரா தானாகவே கூர்மை கூட்டிக்கொண்டது.

தண்ணீரின் முகத்தில் ஆட்கள் தெரிந்தார்கள்.

நின்றுகொண்டிருந்தார்கள். தோளோடு தோள் ஒட்டி, வரிசைக்கு மேல் வரிசையாக. தேவாலயத்துக்குப் போட்டுக்கொள்ளும் நல்ல உடுப்பில் ஊர் மக்கள், சுண்ணாம்பு வாளி இன்னும் கையில் இருந்தவர்கள். அவர்களுக்குப் பின்னால் வேறு உடுப்புகள், கல்லறைக்குள் கிடந்தவர்களின் பழைய உடுப்புகள், ஊரில் இருப்பவர்களைவிடப் பல மடங்கு ஆட்கள், ஆழத்தில் இருட்டும்வரை. யாரும் மிதக்கவில்லை. யார் தலைமுடியும் அசையவில்லை. எல்லோரும் தெற்கே பார்த்தார்கள், மூடிய கதவுக்கு அப்பால் இருந்த கடலை.

முன்வரிசையில் மஞ்சள் சட்டை. கண் திறந்திருந்தது. தொலைபேசி காதிலேயே இருந்தது. அதன் சின்ன வெளிச்சம் தண்ணீருக்குள் அணையாமல் எரிந்தது.

ஒடீலின் காதில், ஈரமே இல்லாத குரலில், ரெமி கேட்டான்.

"எவ்ளோ நேரம்தான் நிப்போம்? நீ சொன்னாத்தான் கதவு திறக்கும்னு இவங்க சொல்றாங்க."

திரையில் அவன் உதடுகள் மூடியிருந்தன. வரிசை வரிசையாக அத்தனை முகங்களும், கடலை விட்டுவிட்டு, மெல்ல கேமராவின் பக்கம் திரும்பின.