ஸ்கேன் அறைக்கு அழைத்த குரல்

சவரிமுத்து ஈரக் குடையை மடக்கக்கூட மறந்து, ஔந்த் பகுதியில் இருந்த பட்டாபிராமனின் ஃபிளாட் வாசலிலேயே நின்றார்.

“சார், எம் பொஞ்சாதி ஸ்பீக்கர்ல பேசுறா. அவளை அடக்கம் பண்ணி ரெண்டு கிறிஸ்மஸ் போயிருச்சு.”

ஜெபமணி குறிப்பேட்டைத் திறந்தாள். அலுவலகக் கணினிகளில் நடக்கும் கோளாறுகளைத் துப்பறியும் பட்டாபிராமனிடம் அவள் உதவியாளராகச் சேர்ந்தபின் இப்படி ஒரு வழக்கு வந்ததில்லை.

“உள்ள வாங்கோ. உக்காந்து சொல்லுங்கோ” என்றார் பட்டாபிராமன்.

கட்கியில் ஒரு சிறிய மருத்துவமனை. சவரிமுத்து அங்கே மருந்து கொடுப்பவர். தமிழ் நோயாளிகளை அழைக்கும் குரல் முன்பு அவர் மனைவி ஸ்டெல்லா பதிவு செய்தது. அவள் இறந்ததும், கேட்கத் தாங்காமல் இவரே கெஞ்சி, கணினியே உண்டாக்கும் வேறொரு குரலை வைக்கச் செய்தார். ஞாயிற்றுக்கிழமை கணினிகளை அப்டேட் செய்தார்கள். திங்கள் காலை ஸ்டெல்லா திரும்பிவிட்டாள்.

“டோக்கன் கூப்பிட்டா பரவால்ல சார். ‘சாப்டீங்களா’ன்னு கேக்குறா. வீட்டுல என்னைக் கேக்குற அதே இழுப்பு. கம்ப்யூட்டர் பாக்குற முகுந்த்தான் வெளையாடிருக்கான்னு மேனேஜர் சொல்றாரு. நான் ஒரு வார்த்தை சொன்னா இன்னைக்கே அவன் வேலை போயிரும். என்ன சொல்லட்டும்?”

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது காத்திருப்புக் கூடத்தில் மழை இருட்டு. பெஞ்சுகளில் இருந்தவர்கள் ஒலிபெருக்கியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“டோக்கன் நாற்பத்தொன்று. மருந்தகம்” என்றது குரல். “டோக்கன் நாற்பத்திரண்டு.” சற்று அமைதி. பிறகு, காதருகே வந்து சொல்வதுபோல, “சாப்டீங்களா?”

ஒரு பெரியவர் எழுந்து நின்று கூரையைப் பார்த்தார். “ஒரே ஒரு இட்லிம்மா” என்றார் நடுங்கி.

யாரும் சிரிக்கவில்லை.

“அவர் எங்க போகணும்?” என்று கேட்டார் பட்டாபிராமன்.

“ஸ்கேன் அறைக்கு. வெறும் வயித்தோட வரணும், அதான் பயந்துட்டாரு” என்றார் சவரிமுத்து.

“இந்தக் கேள்வி மத்த அறைக்குப் போறவாளுக்கும் வர்றதோ?”

சவரிமுத்து யோசித்தார். “இல்ல. ஸ்கேனுக்கு மட்டும்தான்.”

“ஸ்கேன் அறை எப்போ திறந்தா?”

“அவ போனதுக்கப்புறம்.”

பட்டாபிராமன் தலையாட்டிக்கொண்டார்.

கணினி அறையில் மேனேஜர் ராம்பிரசாத், முகுந்த், அவனுடைய மராத்தி சகா சுனில் மூவரும் இருந்தார்கள். முகுந்தின் கண் சிவந்திருந்தது.

“சார், இவன்தான்” என்று கிசுகிசுத்தாள் ஜெபமணி.

“அவசரப்படாதே. சுனில், ஞாயித்துக்கிழமை அப்டேட்டை ஓட்டினது யாரு?”

சுனில் இந்தியில் சொன்னான். ஓட்டியது அவன்தான். நடுவில், மென்பொருள்களுக்குள் ஏதோ முட்டல், தொடரலாமா என்று திரையில் கேள்வி வந்தது. கடக்வாஸ்லா அணைக்குப் போயிருந்த முகுந்துக்குப் போன் செய்தான். “முகுந்த் பாய் ‘ஹோ’ என்றார். சம்மதம் என்பதற்கான ‘ஒய்’ எழுத்தை அழுத்தினேன்.”

“நான் ‘ஹோ’ன்னே சொல்லல” என்றான் முகுந்த். “‘ஹோல்ட்’னு சொன்னேன். இருக்குற பதிப்பை அப்படியே நிறுத்தி வைன்னு அர்த்தம். அணைக்கிட்ட சிக்னல் விட்டு விட்டுத்தான் வந்துச்சு.”

“ஆமாம். ‘ஹோல்ட்’ல பின்பாதி தண்ணிக்குள்ள போயிடுத்து. மராத்தி காதுக்கு மிச்சம் கேட்டது ‘ஹோ’. அதாவது ‘சரி’” என்றார் பட்டாபிராமன்.

சுனில் வாயைப் பொத்திக்கொண்டான். பட்டாபிராமன் திரையில் அப்டேட் விவரங்களைப் படித்துவிட்டுத் திரும்பினார்.

“புதுக் குரலுக்குப் பழைய ஒலி நூலகம், அதாவது ஒலி எழுப்ப உதவுற நிரல் தொகுப்பு, வேணும். அப்டேட் கொண்டுவந்தது புது நூலகம். ரெண்டும் ஒண்ணா இருக்க முடியாது. மென்பொருள்களை நிறுவுற நிரல் தானே வழி தேடித்து. உங்க சேமிப்புல யாரும் அழிக்காம விட்ட பழைய குரல் கிடைச்சது. அதுக்கு எந்த நூலகமானாலும் சரி. இதை எடுத்துட்டு அதைப் போடட்டுமான்னு கேட்டது. ‘ஒய்’னு பதில் வந்தது.”

“அப்ப ‘சாப்டீங்களா’?” என்றாள் ஜெபமணி.

“ஸ்கேன் அறைன்னு அந்தம்மா பதிவே பண்ணலையே. இல்லாத பேர் வந்தா முதல் பதிவை ஒலிக்கவிடணும்னு ஏற்பாடு. மைக்கைச் சோதிக்க முதல்ல என்ன பேசியிருப்பா?”

“நான்தான் பக்கத்துல நின்னேன். என்னைத்தான் கேட்டா” என்றார் சவரிமுத்து மெல்ல.

ராம்பிரசாத் தொண்டையைச் செருமினார். “அப்ப தப்பு யார் மேல?”

“முட்டல்னா நிரல் அங்கேயே நின்னுடணும், சார். இந்தக் குரல் போகும், அந்தக் குரல் வரும்னு தெளிவாச் சொல்லணும். எடுக்கப்போறதோட பேரை முழுசா எழுதச் சொல்லியிருந்தா சுனில் கை நின்னிருக்கும். ஒத்தை எழுத்துல ஒரு ஆளை அனுப்பி, இன்னொரு ஆளைக் கூப்பிடலாமோ?”

எல்லோரும் சவரிமுத்துவைப் பார்த்தார்கள்.

“முகுந்த் மேல எனக்குப் புகார் இல்ல” என்றார் அவர். “மாத்திரு தம்பி.”

முகுந்த் விசைப்பலகைமேல் கை வைத்துத் தயங்கினான். “அண்ணே, அழிக்கறதுக்கு முன்னாடி அந்தப் பதிவை மட்டும் உங்க போன்ல ஏத்தித் தரட்டா?”

சவரிமுத்து குடையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“வேணாம்ப்பா. வீட்டுல தனியா இருக்கேன். பதில் சொல்ல ஆரம்பிச்சுருவேன்.”