கப்பல் தெரிகிற வாசற்படி

சண்முகப்ரியாவின் வகுப்புப் பிள்ளைகள் அன்று ஒரு பழைய பாதையில் நடந்து போனார்கள். முன்பு சுண்ணாம்புக்கல் ஏற்றிய தள்ளுவண்டிகள் துறைமுகத்துக்குப் போன பாதை அது. நடுவழியில், ஆளே இல்லாத குவாரிக் குடியிருப்பு இருந்தது.

மற்றவர்களுக்கு இது சுற்றுலா. ப்ரியாவுக்கு அப்படியில்லை. அவள் அப்பா தங்கதுரை பிறந்து வளர்ந்தது இங்கேதான். குவைத்தில் வேலை பார்க்கும் அவருக்கு இந்த வருடமும் லீவு கிடைக்கவில்லை. அடுத்த மழைக்கு மிச்சச் சுவரும் விழுந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

"ஏளா, நம்ம வீட்டை ஒரு தடவ வீடியோவுல காட்டிரு" என்று அப்பா கேட்டிருந்தார்.

காட்டலாம். எந்த வீட்டை? வரிசையாக நின்ற வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. கூரை இல்லை, கதவும் இல்லை. உள்ளே முள்மரங்கள் குடியேறியிருந்தன. ப்ரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

சாப்பிட்டு முடிக்கும்வரைதான் இங்கே இருப்போம் என்று ஜெயஷீலா டீச்சர் வேறு சொல்லிவிட்டார். ஏதாவது ஒரு வீட்டைக் காட்டிவிடு, அங்கிருந்து அவருக்கு என்ன தெரியப்போகிறது என்றாள் தோழி எமில்டா. அப்பாவை ஏமாற்ற ப்ரியாவுக்கு மனசு வரவில்லை.

சின்ன வயதில் அப்பா வாசற்படியில் உட்கார்ந்து கப்பல் எண்ணுவாராம். மற்ற வீட்டுப் பிள்ளைகளும் கப்பல் பார்க்க அங்கேதான் வருவார்களாம். ப்ரியா ஒவ்வொரு வாசலிலும் நின்று பார்த்தாள். எதிரே இருந்த கல்மேட்டுக்கு மேலே, எல்லா வாசலிலிருந்தும் கடல் தெரிந்தது. பிறகு எதற்கு அத்தனை பேரும் ஒரே வீட்டுக்கு வந்தார்கள்?

சட்டென்று அவளுக்குப் புரிந்தது.

"நின்னு பாக்கக் கூடாது, எமில்டா. அப்பா உக்காந்துல்லா பாத்தாவ."

வகுப்பே ஆளுக்கொரு படியில் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் கல்மேடு கடலை மறைத்துவிட்டது. கடைசி வீட்டுப் படி மட்டும் பாக்கி. அங்கே ஒரு ஆடு, வீட்டுக்காரர் மாதிரி கால் மடக்கிப் படுத்திருந்தது. எமில்டா விரட்டியும் அசையவில்லை. ப்ரியா தன் வாழைப்பழத்தைத் தோலோடு நீட்டினாள். ஆடு உடனே இடத்தைக் காலி செய்தது.

ப்ரியா உட்கார்ந்தாள். நேர் எதிரே மேட்டில் ஒரு இடைவெளி. அதற்குள் கடல்!

டீச்சரின் போனில் அப்பா வந்தார். ப்ரியா கடலைக் காட்டியதும் அவர் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"இன்னும் கீழ பிடிளா. நான் அப்போ உன்னைவிடச் சின்னப் பய."

ப்ரியா போனைப் படியிலேயே வைத்துப் பிடித்தாள். துறைமுகத்திலிருந்து கிளம்பிய கப்பல் ஒன்று மெதுவாக அந்த இடைவெளிக்குள் வந்தது.

"ஒண்ணு" என்றார் அப்பா.

சாப்பாடு முடிந்து நேரமாகிவிட்டது. ஆனாலும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஜெயஷீலா டீச்சரே ப்ரியாவைக் கொஞ்சம் நகரச் சொல்லி, இரண்டாவது கப்பலுக்காக அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டார்.