போர்வைக்குள் கிரைண்டர்

புதுமுகவையில் பொழுது விடிவது மணிக்கட்டில்தான் தெரியும். தோலுக்கடியில் பதித்திருக்கும் கணக்குச்சில்லு ஒருமுறை அதிரும். அன்றைய காற்றுக்கான கட்டணம் கழிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகே மக்கள் கண்ணைத் திறப்பார்கள். செவ்வாய்க் கோளில், கண்ணாடிக் கூரைக்குள் அமைந்த குடியிருப்பு அது. பனிக்கட்டியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்ததால் அங்கே காற்று ஒருபோதும் இலவசமாக இருந்ததில்லை.

முன்பெல்லாம் கட்டணம் கட்ட முடியாதவர்கள் படுக்கையில் அசையாமல் கிடப்பார்கள். கிடப்பவருக்குக் குறைந்த காற்று போதும், கட்டணமும் குறைவு. அதற்குப் ‘படுக்கை நாள்’ என்று பெயர். கோள்மன்றம் அனைவருக்குமான அடிப்படை வருமானத்தைச் சோதனையாகத் தொடங்கிய பிறகு அந்த வழக்கம் ஏறக்குறைய நின்றது. வேலை உண்டா, வயது என்ன என்று எதுவும் கேட்காமல், காற்றுக்கும் சோற்றுக்கும் போதுமான தொகை மாதந்தோறும் ஒவ்வொருவர் சில்லிலும் ஏறியது.

எழுந்து நடமாடத் தொடங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. சந்தனமாரி என்பவள் பனிச்சுரங்க வேலையை விட்டுவிட்டு, செம்மண்ணைக் கழுவிக் கழுவி நஞ்சை நீக்கி அதில் உளுந்து விதைத்தாள். முதலில் விதைத்ததெல்லாம் பட்டுப்போயிற்று. பிறகு முளைத்தது. கப்பலில் வரும் அரிசியோடு சேர்த்து அரைக்க, பழைய துளைக்கருவியின் மோட்டாரைக் கொண்டு ஒரு கிரைண்டரும் செய்தாள். இப்போது குடியிருப்பில் பாதிப் பேருக்குக் காலை இட்லி அவள் வீட்டிலிருந்துதான் போகிறது.

அப்போதுதான் அறிவிப்பு வந்தது. சோதனைக் காலம் முடிகிறது. மதிப்பீட்டு ரோபோ ஒன்று வீடு வீடாகப் பார்த்து, வருமானத்தைத் தொடரலாமா வேண்டாமா என்று பரிந்துரைக்கும்.

குடியிருப்புத் தலைவர் அந்தோணிப்பிச்சை எல்லோரையும் கூட்டினார். அறிவிப்பின் மீதிப் பக்கங்களை அவர் படிக்கவில்லை; படிக்க வேண்டுமென்று வேறு யாருக்கும் தோன்றவும் இல்லை. உதவித்தொகைக்குக் கணக்கெடுக்க ஆள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது, பூமியிலிருந்து அவர்களோடு கப்பலேறி வந்த அறிவு. ரோபோ வரும் நாளன்று விடிந்ததும் நல்ல துணிகள் பெட்டிக்குள் போயின. தையல் கூடத்தின் பெயர்ப்பலகை திருப்பி மாட்டப்பட்டது. புதிதாகத் தொடங்கிய வாத்தியக் குழு தன் தவில்களைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்தது. சந்தனமாரியின் கிரைண்டரை எங்கும் ஒளிக்க முடியவில்லை. ஆகவே அதைக் கட்டிலில் கிடத்தி, கழுத்துவரை என்று சொல்லத்தக்க இடம்வரை போர்த்தி, மேலே ஒரு துண்டும் போட்டார்கள்.

ரோபோ எல்லா வீடுகளையும் பார்த்துவிட்டுக் கடைசியாக அங்கே வந்தது. கட்டிலில் யார் என்று கேட்டது.

“என் மாமியாருங்க. இன்னைக்கு அவங்களுக்குப் படுக்கை நாளு,” என்றாள் சந்தனமாரி.

ரோபோ சற்று நேரம் உற்றுப் பார்த்தது. “இவர் மூச்சு விடவில்லையே.”

“ரொம்பச் சிக்கனமான பொம்பளை,” என்றார் அந்தோணிப்பிச்சை.

ரோபோ மேற்கொண்டு கேட்கவில்லை. குடியிருப்பில் எந்த முன்னேற்றத்தையும் தான் காணவில்லை என்று வருத்தத்தோடு தெரிவித்தது. முன்னேற்றம் இல்லாத இடத்தில் திட்டம் பயனற்றது என்பது விதி; அடுத்த மாதம் முதல் வருமானத்தை நிறுத்தப் பரிந்துரைக்கப் போகிறது.

சந்தனமாரி தலைவரைப் பார்த்தாள்.

“வாயத் தொறக்காத தாயி,” என்று அவர் காதோடு சொன்னார். “போட்டு வாங்குது.”

அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்று அவளுக்கும் பட்டது. வசதி இருக்கிறது என்று காட்டிவிட்டால், உங்களுக்கு எதற்குப் பணம் என்று நிறுத்திவிடலாம். காட்டாவிட்டால், பயனில்லை என்று நிறுத்திவிடலாம். இரண்டில் எது பொறி என்று கண்டுபிடிக்க அவளுக்கு வழியில்லை. அசையாமல் கிடந்தபடி, கண்ணெதிரே உளுந்துச்செடிகள் வாடுவதைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

“நான் இனி படுக்க மாட்டேண்ணே,” என்றாள். போர்வையை இழுத்துத் தள்ளிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

கட்டிலோடு சேர்ந்து கிரைண்டர் அதிர்ந்தது. அந்தச் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டது. அங்கிருந்தவர்கள் தையல் கூடத்தின் பலகையைத் திருப்பினார்கள். பெட்டிகள் திறந்தன. யாரோ தொட்டிக்குப் பின்னாலிருந்து தவிலை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார்கள்; பிறகு அதை நிறுத்த யாராலும் முடியவில்லை. ரோபோ மறுபடியும் முதல் வீட்டிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இம்முறை ஒவ்வொரு வீட்டிலும் அதைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்க் காட்டினார்கள்.

ரோபோ தன் முடிவைப் பொதுக்கூடத்தில் அறிவித்தது. வருமானத்தை நிரந்தரமாக்கப் பரிந்துரை. ஆரவாரம் அடங்கும்வரை காத்திருந்து இன்னொன்றும் சொன்னது. திட்டம் தொடங்கும் முன்பு கணக்கெடுக்க ஒருமுறை அது வந்தபோது, கேட்காமலேயே ஒவ்வொரு வாசலிலும் பக்கத்து வீட்டுக்காரர் ஒளித்துவைத்திருப்பதைக் காட்டிக்கொடுத்தார்கள்.

“இன்று அத்தனை பேரும் பொய் சொன்னீர்கள். ஒருவர்கூட இன்னொருவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. சமூக வளர்ச்சி என்று எழுதியிருக்கிறேன்.”

அன்று புதுமுகவை முழுக்கக் கொண்டாட்டம்; வேலை பார்த்தவர்கள் இட்லி ஊற்றியவர்கள் மட்டும்தான்.

வழியனுப்பப் போனபோது ரோபோ வெளிவாசலில் தயங்கி நின்றது. அடுத்த வாரம் தலைமையகத்தில் தனக்கும் ஒரு மதிப்பீடு இருப்பதாகச் சொன்னது. தங்கள் மின்கலம் பழுதாகிவிட்டது என்று நிரூபிக்கும் ரோபோக்களுக்கே புது மின்கலம் உண்டு. கவனமாகப் பயன்படுத்தியதால் அதனுடையது இன்னும் நன்றாக இருக்கிறது.

“உங்களுக்குக் கேள்வி கேட்காமல் கொடுக்கிறார்கள்,” என்றது. “எங்களுக்கு அப்படி இல்லை.”

சந்தனமாரி ஒரு கை செம்மண் அள்ளி, அதன் பளபளத்த தோள்களில் அழுத்தித் தேய்த்தாள். அந்தோணிப்பிச்சை முன்னும் பின்னும் சுற்றிவந்து பார்த்துத் திருப்தியடைந்தார்.

“அங்க போய் எறங்குறப்ப லேசா நொண்டுங்க தம்பி,” என்றார். “ரொம்ப வேணாம். சந்தேகம் வந்துரும்.”