மின்வடியும் பக்கத்து நாற்காலியும்

நாற்பத்தொன்று.

திவாகரன் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த செவிமானியை விரலால் தட்டிப் பார்த்தார். சுவரில் ஒளிர்ந்த எண் அசையவில்லை. நாகஸ்வரம் ஓய்ந்து தவில் தனியாக இறங்கும் இடம். மூன்று வருடங்களுக்கு முன்பு இந்த இடத்தில் எண்பதைத் தொடும். அதே இசைத்தட்டு, அதே ஸ்பீக்கர்கள், அதே காது.

செவிமானி மிளகு அளவே இருக்கும். ஓர் இசை நரம்புகளில் எழுப்பும் துடிப்பை அளந்து, கேட்டவர் எவ்வளவு ரசித்தார் என்று நூற்றுக்கு இத்தனை எனச் சொல்லிவிடும். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. காது மந்தமானவர்களுக்காகக் கண்டுபிடித்தார்கள். ஆறே வருடத்தில் ஊரில் எல்லார் காதிலும் ஏறிக்கொண்டது. இப்போதெல்லாம் கச்சேரி முடிந்ததும் அரங்க வாசலில் சராசரி ஒளிர்கிறது, ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டு பேசாமல் வண்டி ஏறுகிறார்கள். "பாட்டு எப்படி?" என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. எண்தான் இருக்கிறதே, அப்புறம் என்ன கேள்வி?

முதல் அடி ஆடியோ பைத்தியங்களுக்குத்தான் விழுந்தது. விரல் தடிமன் கேபிள், ஆம்ப்ளிஃபயருக்கு அடியில் வைக்கும் கருங்கல், அது இது என்று ஐம்பது வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட சண்டைகளை செவிமானி ஒரே வாரத்தில் முடித்து வைத்தது. எதிலும் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் தப்பித்தது. மின்வடி. சுவர்ப் பிளக்கிலிருந்து வரும் மின்சாரத்தின் அழுக்கை எடுத்துவிட்டு ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் பெட்டி. 'தெளிமின்' கம்பெனி அதை நாலு லட்சம் வீடுகளில் மாட்டி, மாட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து காட்டியது. சராசரியாகப் பதினாறு புள்ளி ஏற்றம்.

அந்தப் பதினாறில்தான் திவாகரனின் ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

திவாகரன் துணைமின் நிலையத்தில் முப்பத்து நாலு வருடம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஸ்பீக்கர்களுக்கே இடம் போதவில்லை என்பார். கோவையில் இருபத்தேழாவது மாடியில் குடியிருப்பு. ஞாயிறு தவறாமல் காலை பத்து மணிக்குப் பல் டாக்டர் ஸ்டான்லி அங்கே வந்துவிடுவார், கையில் ஏதாவது ஒரு மின்வடியோடு. இருபத்திரண்டு வருடம் இது நடந்தது. "கேளுடா, குரல் எப்படித் தெளிஞ்சு வருது பாரு" என்பார் ஸ்டான்லி. "மயிரு. ஆம்ப்ளிஃபயருக்குள்ள போன உடனே ஏசி டிசி ஆயிருது. அழுக்கெல்லாம் அங்கயே நின்னுரும். சலிச்ச மாவ எதுக்குடா மறுபடி சலிக்கறே?" என்பார் திவாகரன். சண்டை மத்தியானச் சோறு வரை போகும். சோறு முடிந்தும் போகும்.

செவிமானியின் தீர்ப்பு வந்த வாரம் ஸ்டான்லி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மனஸ்தாபம் ஒன்றும் கிடையாது. முடிந்துபோன வழக்குக்கு யார் கோர்ட்டுக்குப் போவார்கள்? பண்டிகைகளுக்கு வாழ்த்து அனுப்பிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

திவாகரனின் எண் அதிலிருந்து தேய்ந்துகொண்டே வந்தது. அவர் மின்சாரத்தைச் சந்தேகித்தார். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் பேட்டரி, இறங்கும்போது மின்சாரம் திருப்பித் தரும் லிஃப்ட், தரைத்தளத்தில் முந்நூறு கார்கள் சார்ஜ் ஏறுகின்றன. கம்பி அழுக்காகாமல் என்ன செய்யும்? கடைசியில் வெட்கத்தை விட்டுத் தெளிமினுக்குச் சொல்லி அனுப்பினார். ஆனால் மனசுக்குள் வேறொரு ஆசை இருந்தது. பெட்டி வேலை செய்யக் கூடாது. செய்யவில்லை என்றால் ஸ்டான்லியைக் கூப்பிட ஒரு காரணம் கிடைக்கும்.

பொருத்துவதற்கு நிறைமதி வந்தாள். நாற்பது வயதிருக்கும், கருவிப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள். அரை மணியில் மாட்டி முடித்துவிட்டு சோபாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மூணு பாட்டு போடுங்க சார். கூட இருந்து நம்பரைக் குறிச்சுட்டுப் போகோணும். கம்பெனி ரூல்சுங்க."

ஐம்பத்தேழு காட்டியது. சரியாகப் பதினாறு ஏறியிருந்தது. "நல்லாருக்குங்க" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் அதே தட்டைப் போட்டார். நாற்பத்திரண்டு. அதற்கு மறுநாள் நாற்பத்தொன்று. மூன்றாம் நாள் நிறைமதியைக் கூப்பிட்டார். அவள் வந்து பெட்டியைத் திறந்து மூடினாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், எண் ஐம்பத்தெட்டுக்குப் போனது.

முப்பத்து நாலு வருடம் மின்சாரத்தோடு பழகிய மனுஷனுக்கு அந்த இடத்தில்தான் பொறி தட்டியது. பெட்டியின் முதுகில், வடிகட்டாமல் மின்சாரத்தை நேராக விடும் விசை ஒன்று உண்டு. தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் அதைத் தள்ளிவிட்டு வந்தார். இப்போது மின்வடி இருந்தும் இல்லாததுதான். ஐம்பத்தெட்டு அப்படியே நின்றது.

"அம்மா, ஒரு அஞ்சு நிமிஷம் வராந்தால நிக்கறீங்களா?"

அவள் ஏன் என்று கேட்கவில்லை, எழுந்து போனாள். கதவு சாத்தியதும் எண் சரசரவென்று இறங்கி நாற்பத்து மூன்றில் நின்றது. உள்ளே கூப்பிட்டார். ஏறியது.

"உங்களுக்கு இது தெரியுமா?"

நிறைமதி பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். "தெரியுமுங்க. எல்லா வீட்டுலயும் இப்படித்தான். மூணாம் நாளு, நாலாம் நாளு கூப்புடுவாங்க, மறுபடி இரைச்சல் வந்துருச்சுன்னு. நான் போயி சும்மா ஒக்காருவேன். நம்பர் ஏறிக்கும்."

"கம்பெனில சொல்லலியா?"

"சொன்னா அப்பறம் என்னைய எதுக்குங்க அனுப்பறாங்க?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "எங்க வீட்டுல என்ற நம்பரு முப்பத்தாறுங்க சார். எனக்கும் இப்படி நாலு வீடு போனாத்தான் கேக்கவே புடிக்குது."

அவள் போனதும் திவாகரன் ஸ்டான்லியை அழைத்தார். குரலில் திமிர் குறையவில்லை. "மின்வடி சண்டைல நீ தோத்துட்டே. ஞாயித்துக்கிழமை வா, நிரூபிக்கறேன்."

"தெளிமின்ல தோத்தனா? போடா இவனே" என்றார் ஸ்டான்லி. ஞாயிறன்று ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டார்.

அன்றைக்கு நடந்ததுதான் முறையான சோதனை. ஒருவர் அலமாரிக்குப் பின்னால் போய், மின்வடியைச் சேர்த்தோ விலக்கியோ விசையைத் தள்ளிவிட்டு வந்து வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். மற்றவர் கேட்டுச் சொல்ல வேண்டும். மாறி மாறி இருபது தடவை செய்தார்கள். இருவருக்கும் பாதி சரி, பாதி தப்பு. காசைச் சுண்டியிருந்தாலும் அதே பலன்தான். ஆனால் சுவரில் இரண்டு எண்களும் எண்பதுக்கு மேலேயே நின்றன. விசை எந்தப் பக்கம் இருந்தாலும் எண்பத்தொன்று, எண்பத்திரண்டு.

"இருபது தடவையெல்லாம் ஒரு கணக்காடா? இருநூறாச்சும் வேணும்" என்றார் ஸ்டான்லி.

"வாரத்துக்கு இருபதுன்னா பத்து வாரம் ஆகும்."

"ஆகட்டுமே. எனக்கென்ன, எவன் வாயிலயாச்சும் ட்ரில்லு வெச்சுட்டா வந்துருக்கேன்?"

திவாகரன் அன்று இரண்டு ஆள் சோற்றைச் சாப்பிட்டார். பல வருடங்களுக்குப் பிறகு அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஜெயித்ததை நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் ஆடியோ பைத்தியங்களுக்குத் தூக்கம் வராது. மூன்றாம் வாரமே அவர் அறிக்கை எழுதிவிட்டார். மின்வடியால் ஏறுவது பூஜ்யம்; பக்கத்து நாற்காலியில் ஓர் ஆள் இருந்தால் ஏறுவது பதினாறு; பிடித்த ஆள் என்றால் நாற்பது. வரைபடம், அட்டவணை எல்லாம் போட்டார். நிறைமதியின் பெயரை மட்டும் விட்டுவிட்டார்.

"வெளியிடாதடா. இன்னும் நூத்தி நாப்பது பாக்கி இருக்கு" என்றார் ஸ்டான்லி.

"உண்மைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

வெளியிட்டார். இசை ரசிகர் குழுக்களில் பத்து நாள் அதே பேச்சு. இனி ஜனங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவார்கள், பெட்டிகளைத் தூக்கி எறிவார்கள் என்று திவாகரன் உண்மையாகவே நம்பினார். தெளிமின் கம்பெனி மறுப்பே சொல்லவில்லை. அறிக்கைக்கு நன்றி என்று அவருக்கு ஒரு கடிதம் வந்தது.

இரண்டே வாரத்தில் புதுப் பெட்டி வந்தது. பெயர் 'அருகமை'. மின்சாரத்தை அது தொடுவதே இல்லை. பாட்டு ஓடும்போது, காது கவனிக்காத அளவுக்கு மெல்லிதாக, அறையில் இன்னொருவர் இருக்கும் சத்தங்களை எழுப்பும்: ஒரு மூச்சு, நாற்காலி லேசாக முனகுவது, இரண்டு பாட்டுக்கு நடுவில் ஒரு செருமல். மூளைக்கு அவ்வளவே போதுமாக இருந்தது.

முதலில் நிறைமதியிடமிருந்துதான் அழைப்பு வந்தது. "இத வாங்கறவங்களே மாட்டிக்கலாமாங்க சார். எங்களுக்கு இந்த மாசத்தோட சரின்னுட்டாங்க." கோபமாகப் பேசியிருந்தால்கூட அவருக்குத் தேவலாம்போல இருந்தது.

ஆறாவது வாரச் சோதனைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, ஸ்டான்லி அழைத்தார். குரலில் அப்படியொரு குதூகலம்.

"திவா, நாளைக்கு வரலடா. அருகமை வந்துருச்சு. உன் அறிக்கைல ஒரு எழுத்துகூடத் தப்பில்ல, தெரியுமா? காலைலருந்து கேக்கறேன், எண்பத்து மூணு! உங்கூட இருந்தப்பவே எண்பத்திரண்டுதான்டா!"

இருபத்திரண்டு வருடம் எதிர்வாதம் பேசிய திவாகரன் கணக்கைச் சரிபார்த்தார். அளவு சரி. முறை சரி. கண்டுபிடித்தவரும் அவரேதான்.

"அப்பறம் ஒரு உதவி" என்றார் ஸ்டான்லி. "தெரிஞ்ச ஆளோட பதிவை ஏத்துனா இன்னும் அஞ்சாறு ஏறுமாம். நீ உன் நாற்காலில ஒக்காந்து ஒரு அஞ்சு நிமிஷம் பதிவு பண்ணி அனுப்பேன்."

"என்ன பேசணும்?"

"சும்மா இரு, போதும்."

ஞாயிறு காலை பத்து மணிக்கு திவாகரன் ஒலிவாங்கியை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சும்மா இருக்கத்தான் நினைத்தார். முடியவில்லை. இருபத்துமூன்று தடவை தப்பாகச் சொன்னவன் நீ என்று ஆரம்பித்தார். நூறு தடவையை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது, இன்னும் நூறு பாக்கி இருக்கிறது, வாடா என்றார். அடுத்த வாரம் மீன் குழம்பு வைக்கச் சொல்கிறேன் என்றார். பதினோரு நிமிடம் ஓடிவிட்டது. அப்படியே அனுப்பினார்.

ஸ்டான்லியின் பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது. "ரொம்ப நல்லா வந்துருக்குடா. எண்பத்தொன்பது! நீளத்தப் பத்திக் கவலப்படாத. பேச்சையெல்லாம் பெட்டியே வடிகட்டிட்டு மூச்சையும் செருமலையும் மட்டும் வெச்சுக்குது."