பதினேழாம் டோக்கனின் கண்

காலை 9.10. பாவாயியின் இடது கண்ணை மறுபடி படம் எடுத்துப் பார்த்தால், அதில் ஒரு குறையும் இல்லை. வித்யாஸ்ரீக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நேற்று கொல்லிமலைக் கண் மையத்திலிருந்து அதே பாவாயி பெயரில் போன படத்தில் விழித்திரை கிழிந்திருந்தது. இன்று மாலைக்குள் லேசர் வைக்காவிட்டால் பார்வை போய்விடும் என்று நாமக்கல் டாக்டர் சொல்லிவிட்டார். கண் இருக்கிறது, ஆளைத்தான் காணோம். கேள்வி கேட்டு, படம் வாங்கி, டாக்டருக்கு அனுப்பும் அந்தக் கணினி ஏற்பாட்டை வடிவமைத்தவள் வித்யாஸ்ரீ. முதல் பஸ்ஸில் ஓடி வந்திருந்தாள்.

"நேத்து அந்தப் படம் எத்தனை மணிக்கு எடுத்தது?"

"பதினொண்ணு அஞ்சுங்க," என்றான் படமெடுக்கும் சசிதரன். "பதினேழுன்னு கூப்பிட்டேன், டோக்கனோட வந்தாங்க. எழுவது பேருல மொகம் ஞாபகம் இல்லீங்க."

பாவாயியோ நேற்று பத்தே முக்கால் பஸ்ஸிலேயே மிளகு மூட்டையோடு சேந்தமங்கலம் போய்விட்டவள். கேள்வி கேட்ட திரையை உற்றுப் பார்த்ததோடு கண் சோதனை முடிந்தது என்று நினைத்திருக்கிறாள்.

"அப்ப டோக்கன்?"

"பக்கத்துல குந்தியிருந்தவருக்குக் குடுத்தேன் கண்ணு," என்றாள் பாவாயி. "யாரோ வேத்தூருக்காரரு. ரேஷன் கடையிலயும் அப்படித்தானே செய்யறோம்?"

வித்யாஸ்ரீ டோக்கன் பெட்டியைக் கவிழ்த்தாள். பதினேழு தனியாக விழவில்லை. பதினெட்டும் அதோடு ஒட்டிக்கொண்டே வந்தது. முகர்ந்தாள். பலாப்பால்.

டோக்கன் கிடைத்தவர் தன் டோக்கனைப் பயன்படுத்தியிருக்க மாட்டார். கேள்விக்குப் பதில் சொல்லியும் படம் இல்லாதவர்கள் மூன்று பேர். அதில், என்ன தொழில் என்று திரை கேட்டபோது பலா மரப் படத்தைத் தொட்டவர் ஒருவரே. டோக்கன் இருபத்து மூன்று, செல்லமுத்து.

11.40. செம்மேட்டில் லாரிக்குப் பழம் ஏற்றிக்கொண்டிருந்தவரைப் பிடித்துவிட்டார்கள். ரெண்டு நாளாகக் கண்ணில் மின்னல் அடிக்கிறது, வெயில்தான் என்று நினைத்தாராம். அப்படியே நாமக்கல்லுக்கு வண்டி ஏற்றினார்கள்.

மாலை 5.20. லேசர் முடிந்தது, பார்வைக்குப் பயமில்லை என்று டாக்டர் போன் செய்தார். வித்யாஸ்ரீ நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள்.

"தப்பு யாரு மேலன்னு எழுதட்டுங்க?" தயங்கினான் சசிதரன்.

"என் பேரை எழுது. டோக்கனைத்தான் கேக்க வச்சேன், ஆளைக் கேக்க வைக்கல. இந்த மலையில முன்னாடி இருக்கறவங்க இடத்தைக் கொடுத்துட்டுப் போவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல." படமெடுக்குமுன் பெயரைக் கேட்கும்படி அங்கேயே மாற்றி எழுதினாள்.

போனில் செல்லமுத்து வந்தார்.

"டோக்கன் குடுத்த அந்தம்மாவுக்கு என் பேருல ஒரு பலாப்பழம் குடுத்துருங்க. அவங்க குடுக்கலேன்னா இருவத்தி மூணு வரைக்கும் நான் காத்திருந்திருக்க மாட்டேனுங்க. லாரிக்குப் போயிருப்பேன்."